பதினேழு சேக்கல் நிலம்

எரேமியா நிலம் வாங்கிய கதை எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடைகளில் அதிகம் ஏறுவதில்லை. எருசலேமைப் பாபிலோன் படை வளைத்துக் கிடக்கிறது. மதிலுக்கு வெளியே மண்மேடு உயர்ந்துகொண்டே வருகிறது. உள்ளே பஞ்சம், கொள்ளைநோய். நகரம் விழும், ராஜா பிடிபடுவார் என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக எரேமியாவை அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைத்துவைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பங்காளி அனாமெயேல் வந்து நிற்கிறான். ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் மதிலுக்கு வெளியே இருக்கிற ஊர். நாட்டுப்புறம் முழுக்க எதிரியின் கையில். அந்த நிலத்தின் வில்லங்கம் ஊரறிந்தது.

எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி முத்திரை போடுகிறார். சாட்சிகள் கையெழுத்து வைக்கிறார்கள். முத்திரையிட்ட படி ஒன்று, திறந்த படி ஒன்று. இரண்டையும் எழுத்தன் பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். உத்தமபாளையம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அரை நாள் நின்றவர்களுக்கு இந்த விவரங்களின் அருமை புரியும். வேதாகமத்தில் ஒரு கிரயம் இவ்வளவு பொறுமையாக எழுதப்பட்ட இடங்கள் குறைவு. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சைத் தோட்டமும் கைமாறும் என்று கடவுள் சொன்னதை எரேமியா நம்பினார். அதற்கு அடையாளம் அந்தப் பத்திரம்தான்.

அந்த நிலத்தில் அவர் ஏர் பூட்டவேயில்லை. நகரம் விழுந்தது. மிஞ்சியிருந்த சொந்த ஜனங்களே அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் சபைகளில் இந்த எரேமியாவை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து. டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை. மார்கழிக் குளிர்; மேகமலைப் பக்கமிருந்து காற்று இறங்குகிறது. பெண்கள் முக்காட்டுக்கு மேல் சால்வையைச் சுற்றியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, எல்லோரும் எழுந்து நின்று பாடி முடித்ததும், வாக்குத்தத்த அட்டைகள் குவிந்த தாம்பாளம் வரிசை வரிசையாக வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். பத்துப் பேர் எடுத்தால் ஒருவர் கையிலாவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம் வந்துவிடும். உங்களைக் குறித்து நான் நினைத்திருப்பது தீமைக்கல்ல, நல்ல முடிவுக்கே என்று கடவுள் சொல்கிற இடம் அது. நீட் எழுதப் போகிற பெண் அதை எடுத்தால் அம்மாவிடம் காட்டுகிறாள். அம்மா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். மாப்பிள்ளை தகையாத வீட்டில் அது கண்ணாடிச் சட்டத்தில் ஏறுகிறது. ஏலக்காய் விலை சரிந்து கடனில் நிற்பவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

அந்த அட்டையைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. ஒரு வருஷத்தைத் தாண்டுவதற்கு ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் மனக்குறை, அந்த வசனத்துக்கு முன்னால் இருக்கிற பத்து வசனங்கள் அட்டையில் இல்லை என்பதுதான்.

அந்த அதிகாரம் ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷம், பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் அறிவிக்கிறார். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறார். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவின் கடிதம் அந்த இனிப்பை எடுத்துவிடுகிறது. இரண்டு வருஷமில்லை, 70 வருஷம் என்கிறது. அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. இவ்வளவையும் சொன்ன பிறகுதான் நல்ல முடிவைப் பற்றிய அந்த வசனம்.

எழுபது வருஷம் என்றால் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போயிருக்க முடியும்? முப்பது வயதில் கேட்டவருக்கே அது நூறாவது வயதுச் சமாசாரம். நல்ல முடிவு உண்டு. ஆனால் அதைப் பேரன் பேத்திகள் பார்ப்பார்கள். கடவுள் என் வாழ்க்கைக்கு ஒரு தரிசனம் வைத்திருக்கிறார் என்று நம்புகிறவர், அந்தத் தரிசனம் தன் ஆயுசுக்குள் அடங்காமல் போனாலும் நம்புவாரா? எரேமியா கேட்பது இவ்வளவுதான். எங்கள் மேடைகளில் அனனியாவின் குரல்தான் சத்தமாகக் கேட்கிறது. இந்த வருஷத்துக்குள், இந்த மாதத்துக்குள், இந்தக் கூட்டம் முடிவதற்குள் என்று தவணை சொல்லப்படுகிறது. தவணை தப்பும்போது பழி கேட்டவர்மேல் விழுகிறது: உனக்கு விசுவாசம் பத்தவில்லை.

தவணை சொல்கிறவர்களின் பேச்சுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு எடுபாடு இருப்பது எனக்கு ஆச்சரியம். இங்கே நாம் குடிக்கிற தண்ணீரே நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து வந்த தண்ணீர். லோயர் கேம்ப்பில், பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறோம். அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். படத்தைக் கடையில் மாட்டுகிறோம். நன்றி மறக்காத ஜனம் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவரை மட்டும் நினைத்தால் கதை ஒரு மனிதரின் வெற்றியாகச் சுருங்கிவிடும். மேற்கே ஓடிக் கடலில் விழுகிற பெரியாற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்ற யோசனை 1789 வாக்கிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு வந்துவிட்டது. செலவு மலைக்கவைத்ததால் கைவிட்டார். 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்துவிட்டு, இது நடக்காத காரியம், இனி யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை என்ற தொனியில் அறிக்கை எழுதினார். 1850இல் ஒரு மண் அணை தொடங்கி நின்றது; காட்டில் இருக்க முடியாமல் கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1867இல் பொறியாளர் ரைவ்ஸ் இன்னொரு திட்டம் கொடுத்தார். அது பேச்சிலேயே கிடந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்து தென்சீமையைத் தின்றது. 1882இல்தான் பென்னிகுயிக்கிடம் பொறுப்பு வந்தது. 1887இல் வேலை தொடங்கி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழும்பி, மலையைக் குடைந்து 5,704 அடிச் சுரங்கம் போட்டு, 1895 அக்டோபரில் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கியது.

முத்திருளப்ப பிள்ளை ஒரு மடை திறந்தும் பார்க்கவில்லை. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன நூற்றுக்கணக்கான வேலையாட்களும் பார்க்கவில்லை. வெள்ளை அரசாங்கத்துக்கு வரி வருமானத்தின் மேல் கண் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. ஏசாயாவின் புத்தகத்தில் கோரேஸ் ராஜா கடவுளை அறியாதவர். ஆனாலும் சிறையிருப்பை முடித்துவைக்கக் கடவுள் அவரைத்தான் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று அழைக்கிறார். என் விசுவாசத்தில் ஒரு சேதுபதிப் பிரதானிக்கு இந்த இடத்தைக் கொடுப்பதில் தயக்கமில்லை. சபைக்கு வெளியே இருப்பவர்கள் வழியாகவும், அரைகுறை நோக்கமுள்ளவர்கள் வழியாகவும், தோற்றுப்போனவர்கள் வழியாகவும் ஒரு நன்மை நடந்து வருகிறது. இன்றைக்கும் ஜூன் 1 அன்று தண்ணீர் திறப்பார்களா என்று பார்த்திருக்கிற 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதற்குச் சாட்சி.

ஆனால் செத்தவர்களின் கணக்கு என்ன? இந்தக் கேள்வியை வேகமாகத் தாண்டக் கூடாது. அவர்கள் செத்தால்தான் நாம் பிழைப்போம் என்று கடவுள் திட்டம் போட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிற தைரியமும் எனக்கு வேண்டாம். ஏலத் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப் மலைப்பாதையில் கவிழ்கிறது. துக்க வீட்டில் பாய் விரித்து உட்கார்வதற்குள் யாராவது ஒருவர் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிடுகிறார். சொன்னவருக்கு மனசு ஆறுகிறது. கேட்ட தாய்க்கு, தன் பிள்ளையைக் கொன்றது கடவுள்தான் என்று செய்தி போகிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும், கூலி கட்டுப்படியாகாமல் விடியுமுன்னே மலையேற வேண்டியிருப்பதும் யாருடைய சித்தம்? எரேமியா துக்க வீட்டில் இப்படிப் பேசியவரில்லை. தான் பிறந்த நாளையே சபித்தார். தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கடவுளின் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படி அழுத வாய்தான் நல்ல முடிவைப் பற்றியும் பேசியது. அழுகையைத் தாண்டிக் குதித்து வருகிற நம்பிக்கை அவரிடம் கிடையாது.

பலனைப் பார்க்காமல் போனவர்களில் இன்னொருவரும் உண்டு. அதற்குத் திராட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது வந்த செய்திகளிலெல்லாம், இந்த ரகத்தை 1832இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று இருந்தது. பெயர் இல்லை. என்ன நினைத்துக் கொண்டுவந்தாரோ. பூசைக்குத் திராட்சரசம் வேண்டியிருந்திருக்கலாம், ஊர் நினைப்பாகவும் இருந்திருக்கலாம். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று கல்லுக்கால் ஊன்றிப் பந்தல் போட்டு ஊர் ஊராக இந்தக் கொடி படர்ந்தது அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்து. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகம் திராட்சைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. இது எதுவும் அவர் கண்ட தரிசனத்தில் இருந்திருக்காது. ஒரு குச்சியை வாடாமல் கொண்டுவந்து ஊன்றியது மட்டும் அவர் வேலை.

அவர் ஊரில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் தானாகவே இலையுதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழிக்கும். எங்கள் ஊரில் கொடியைத் தூங்கவைக்கிற குளிர் இல்லை. விட்டால் வருஷம் பூரா பச்சையாகப் படர்ந்துகொண்டே போகும், கொத்து வராது. அதனால் இங்கே கவாத்துக் கத்தரிதான் பனிக்காலம். கவாத்துக்கு மறுநாள் பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் வயிறு கலங்கும். நேற்றுவரை வெயில் புகாத இடத்தில் வானம் தெரிகிறது. தரையில் முழங்கால் உயரத்துக்குக் கொடியும் இலையும் கிடக்கின்றன. கம்பியில் காய்ந்த குச்சிகள் மட்டும். நான்கு மாதத்தில் இதில் பழம் வெட்டுவார்கள் என்று புதிதாகப் பார்க்கிறவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தபோது, எங்கே வெட்டுவது என்று எதைவைத்து முடிவுசெய்கிறீர்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். ஒரு குச்சியை வளைத்து, கணுவில் இருந்த மொக்கைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"இந்தக் கண்ணுக்குள்ள கொத்து முந்தியே உக்காந்துருச்சு தம்பி. போன பழம் நிக்கையிலயே உண்டாயிருக்கும். எத்தனாவது கண்ணுல இருக்குன்னு பாத்துத்தான் கத்தரி போடணும். மாத்தி வெட்டிட்டோம்னா வெறுங்கொடிதான் வரும்."

"வெளியே இருந்து பார்த்தால் தெரியுமாண்ணே?"

"நமக்கு எங்க தெரியும்? ஆராய்ச்சிக்காரங்க கண்ணை அறுத்துக் கண்ணாடியில வச்சுப் பாப்பாங்க. நாம போன வெள்ளாமைய வச்சு ஒரு கணக்குப் போட்டுக்கிட வேண்டியதுதான்."

யோவான் 15ஆம் அதிகாரத்தைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். கனி கொடுக்கிற கொடியைப் பிதா சுத்தம் செய்கிறார் என்பதைத் தண்டனை மாதிரியே போதித்தார்கள். கஷ்டம் வந்தால் கடவுள் வெட்டுகிறார், பொறுத்துக்கொள் என்பார்கள். அன்றைக்குப் பந்தலில் நின்றபோது அந்த அதிகாரம் எனக்கு வேறு மாதிரி திறந்தது. வெட்டுகிறவர் கண்ணுக்குள் இருக்கிற கொத்தை அறிந்து வெட்டுகிறார். கொடிக்குத் தன் கண்ணுக்குள் இருப்பது தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கண்ணை அறுக்க வேண்டும். அறுத்தால் அந்தக் கொத்து வராது. தன் எதிர்காலத்தை முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் இன்றைக்கே என்று தவிக்கிற இளைஞர்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வருகிறது. கடவுளின் சித்தம் எனக்கு எந்தக் கல்லூரி, எந்த ஊர், எந்தப் பெண் என்று கேட்டு உபவாசம் இருந்து, பதில் வராமல் உடைந்துபோகிறார்கள். செடியில் நிலைத்திரு என்பதுதான் அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்வது. வரைபடம் கொடுப்பதாக அதில் எங்கும் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், ஜீப் விபத்தைக் கவாத்து என்று சொல்லாதீர்கள். எல்லா வெட்டும் தோட்டக்காரர் கத்தரி இல்லை. பூ எடுக்கிற நேரத்தில் அடைமழை பிடித்து அடிச்சாம்பல் நோய் விழுந்து தோட்டமே கருகுவதும், பழுத்த நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்துத் தொங்குவதும் இங்கே நடக்கிறது. ஒரே மழையில் ஒரு வீட்டின் கல்யாணம் நின்றுபோகும். ஆபகூக் தீர்க்கதரிசி தன் ஜெபத்தின் கடைசியில் திராட்சையில் பழமில்லை, வயலில் விளைச்சலில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஒவ்வொன்றாக இழப்பை எண்ணிக்கொண்டு போகிறார். எண்ணி முடித்த பிறகும் கடவுளில் மகிழ்வேன் என்கிறார். பழம் திரும்ப வரும் என்ற உறுதிமொழி எதையும் அவர் அங்கே வாங்கிக்கொள்ளவில்லை. இந்த ஜெபத்தைத் திராட்சை விவசாயிகள் நிறைந்த ஒரு சபையில் வாசித்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முகம் நினைவுக்கு வரும்.

இனி, எரேமியாவின் கடிதத்தில் எனக்கு மிகவும் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பாபிலோனின் நலனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிற இடம். கடவுள் தன் ஜனத்துக்கு வைத்திருக்கிற நல்ல முடிவை, அவர்களைச் சிறைபிடித்தவர்களின் சமாதானத்தோடு முடிச்சுப் போடுகிறது அந்தக் கடிதம். அந்தப் பட்டணம் சுகமாக இருந்தால்தான் உங்களுக்கும் சுகம் என்கிறது. என் வாழ்க்கை, என் தரிசனம் என்று நான் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டுபோக அங்கே இடமில்லை.

2011 டிசம்பர் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. பென்னிகுயிக் கட்டிய அதே முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிக் கேரளத்தோடு பிரச்சினை முற்றிக் குமுளி எல்லை அடைபட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம் கூலிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மலையிறங்கி ஓடி வந்தன. மலைக்கு இந்தப் பக்கம் அணை என்றால் சோறு. அந்தப் பக்கம், அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்கு அது இராத்திரி பயம். இரண்டு பக்கத்துக் கோயில்களிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில், ஜெபக் குறிப்புகள் சொல்லும் நேரம் வந்ததும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்து வந்த ஒரு பாட்டி எழுந்தார். வாராவாரம் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போய்வருகிறவர். அப்போது மூன்று வாரமாகக் கூலியில்லை. முதலில் நம் ஊர் வயலுக்கும் தண்ணீருக்குமாக ஜெபம் பண்ணினார். எல்லோரும் ஆமென் சொன்னோம். பிறகு தோட்ட முதலாளி வீட்டுப் பெயரைச் சொன்னார். அவர் மகள் மாசமாக இருப்பதைச் சொன்னார். அணைக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்றார். ஆண்கள் பக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். ஆமென் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. பாட்டி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் மழைக்காக ஜெபிக்கத் தொடங்கிவிட்டிருந்தார், மலைக்கு ரெண்டு பக்கமும் அளவோடு பெய்யணும் ஆண்டவரே என்று.